சரிவு ஐஸாக இருக்கும் நாளில்: ஸ்கீ பழகத் தொடங்கியவர்களுக்கு

பனிச்சறுக்கு விளம்பரப் படங்களில் எப்போதும் முழங்கால் ஆழத்துக்குப் புதுப்பனி கிடக்கும். அமெரிக்காவின் வடகிழக்கில், வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மலைகளில் ஸ்கீ பழகுகிறவர்களுக்கு அப்படிப்பட்ட பனி ஒரு குளிர்காலத்தில் கொஞ்ச நாள்தான் வாய்க்கும். மற்ற நாள்களில் காலடியில் இருப்பது இறுகிய பனி, ஆங்காங்கே அப்பட்டமான ஐஸ். பாஸ்டன், மான்ட்ரியால் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வார இறுதியில் போகிற மலைகளும் இந்த வகைதான். அதனால் ஐஸில் ஓட்டுவதைத் தேர்ந்தவர்களின் வித்தை என்று ஒதுக்கி வைக்க முடியாது. இந்த மலைகளில் அது முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டிய பாடம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஐஸைப் பார்த்ததும் பயம் வரும். பயம் வந்ததும் உடம்பு தானாக மலைப்பக்கம் சாயும், கால்கள் விறைக்கும், உடனே பிரேக் போடத் தோன்றும். இந்த மூன்றுமே பிடியைக் குறைப்பவை. ஏன் குறைக்கின்றன என்பது ஒருமுறை புரிந்துவிட்டால், பதிலுக்கு என்ன செய்வது என்பதும் பாதி புரிந்த மாதிரி.

ஐஸ் எப்படி உருவாகிறது

வெர்மான்டின் கில்லிங்டன் சிகரத்தின் உயரம் சுமார் 1,290 மீட்டர். கொலராடோவில் உள்ள வேல் என்ற புகழ்பெற்ற ஸ்கீ ஊரில் மலையடிவாரமே ஏறக்குறைய 2,475 மீட்டரில் இருக்கிறது. வேலில் காற்று உலர்ந்தது, குளிர் நிலையானது. வெர்மான்டில் மலை தாழ்வு, அட்லாண்டிக் கடலும் பக்கம். நடு ஜனவரியில்கூட வெப்பம் பூஜ்யத்துக்கு மேலே ஏறி மழை பெய்துவிடும். அன்று இரவே குளிர்காற்று வந்து மைனஸ் 15 டிகிரிக்கு இறக்கிவிடும். பனித் துகள்களுக்கு இடையில் தங்கிய மழைநீர் அப்படியே உறைந்து, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. விடிந்து பார்த்தால் சரிவு முழுக்கப் பளபளக்கும்.

மழையே இல்லாமலும் ஐஸ் வரும். செயற்கைப் பனி உண்டாக்கும் பனிப் பீரங்கிகள் தெளிக்கும் நீர்த்துளிகள் காற்றிலேயே உறைந்து சிறு உருண்டைகளாக விழுகின்றன. வானத்திலிருந்து விழும் ஆறுகைப் படிகங்களுக்கு இடையில் தங்குவதுபோல இவற்றுக்கு இடையில் காற்று தங்காது, நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். புதுப்பனியின் எடை கன மீட்டருக்கு 100 கிலோ அல்லது அதற்கும் குறைவு. இயந்திரம் ஓட்டிச் சமன் செய்த தடத்தில் அது 500 கிலோவை ஒட்டி வந்துவிடும். முழு ஐஸ் என்றால் 917 கிலோ. அப்புறம், நாள் முழுக்க மேலே வந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். செங்குத்தான, குறுகலான இடத்தில் எல்லாரும் ஒரே புள்ளியில் பிரேக் போட, மேலே இருந்த மென்பனி சுரண்டப்பட்டு ஓரங்களுக்கும் கீழ்ப்பகுதிக்கும் தள்ளப்படுகிறது. நடுவில் மிஞ்சுவது ஐஸ்.

இதைத் தெரிந்துகொள்வதில் நடைமுறைப் பயன் உண்டு. தடத்தின் நடுப்பகுதி சுரண்டப்பட்டிருந்தால், தள்ளப்பட்ட பனி ஓரத்தில் கிடக்கிறது என்று அர்த்தம். மரங்களிலிருந்து போதிய இடைவெளி விட்டு, அந்த ஓரத்தில் இறங்கலாம். கிழக்கு பார்த்த சரிவில் காலை வெயில் முதலில் படும், கொஞ்சம் இளகும். வடக்கு பார்த்த சரிவு நாள் முழுக்க இறுகியே இருக்கும். முந்தைய நாள் இளகி இரவில் உறைந்திருந்தால், காலை எட்டு மணிக்கே முதல் ஆளாகப் போய் நிற்பதில் லாபம் எதுவும் இல்லை. பத்து, பதினொன்று வரை காத்திருங்கள். மலையின் காலை அறிக்கையில் பனி இறுகியிருப்பதாகவோ உறைந்த குருணையாக இருப்பதாகவோ போட்டிருந்தால், அன்று வழக்கமாக ஓட்டுவதைவிட ஒரு படி எளிய தடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சரிவில் நிற்கும்போது கண்ணும் காதும் உதவும். வெள்ளையாக, ஒளி மங்கித் தெரிவது பனி. சாம்பலாகவோ நீலம் கலந்தோ மின்னுவது ஐஸ். முன்னே போகிறவரின் ஸ்கீ கரகரவென்று சத்தம் போட்டால் நீங்கள் அங்கே போகும் முன்பே விஷயம் தெரிந்துவிடும். மேகமூட்டமான நாளில் இந்த வேறுபாடு கண்ணுக்குப் படாது. மஞ்சள் அல்லது ரோஜா நிறக் கண்ணாடி உள்ள காகிள்ஸ் அப்போது நன்றாகக் கைகொடுக்கும்.

பிடி எங்கிருந்து கிடைக்கிறது

ஸ்கீயின் அடிப்பாகத்தில் இரண்டு பக்கமும் நீளவாக்கில் மெல்லிய எஃகுப் பட்டை பதித்திருக்கும். ஸ்கீ ஓட்டுகிறவர்கள் எட்ஜ் என்பது இதைத்தான். 1920களில் சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர் என்ற மலையேறி மர ஸ்கீயின் ஓரத்தில் எஃகுத் துண்டுகளைப் பதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கு முன் இறுகிய பனியில் மர ஓரத்தை நம்பித்தான் இறங்கினார்கள். இன்றும் ஐஸில் உங்களுக்கு இருக்கும் ஒரே பிடி, அந்த எஃகு விளிம்பு ஐஸுக்குள் வெட்டும் மிகச் சிறிய பள்ளம்தான்.

செங்குத்தான மண்சரிவில் மண்வெட்டியால் ஒரு படி வெட்டி அதன்மேல் நிற்பதை நினைத்துப் பாருங்கள். படி சமமாகவோ மலைப்பக்கம் லேசாகச் சாய்ந்தோ இருந்தால் கால் நிற்கும். வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் வழுக்கும். ஸ்கீ விளிம்பு வெட்டும் பள்ளமும் இப்படி ஒரு படிதான். 20 டிகிரி சரிவில் அசையாமல் குறுக்கே நிற்க வேண்டுமென்றால், ஸ்கீயின் அடிப்பரப்பைச் சரிவிலிருந்து குறைந்தது 20 டிகிரி மலைப்பக்கம் சாய்க்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வழுக்கத் தொடங்கும். வளைவில் போகும்போது எடையோடு வேகத்தின் விசையும் சேரும் என்பதால், தேவைப்படும் சாய்வும் கூடும்.

கோணம் மட்டும் போதாது. விளிம்பு ஐஸுக்குள் இறங்க அழுத்தமும் வேண்டும். உங்கள் எடையை இரண்டு ஸ்கீயிலும் பங்கிட்டால் ஒவ்வொரு விளிம்புக்கும் பாதிதான் கிடைக்கும். ஒரே ஸ்கீயில் நின்றால் முழுதும் கிடைக்கும். அந்த ஒரு ஸ்கீ எது? சரிவில் குறுக்கே நிற்கும்போது பள்ளத்தாக்குப் பக்கம் இருப்பது. வளைவில் போகும்போது வளைவின் வெளிப்பக்கம் இருப்பது.

இப்போது முதலில் சொன்ன பயத்துக்கு வருவோம். உடம்பு மலைப்பக்கம் சாய்ந்தால் எடை மேல்பக்க ஸ்கீக்குப் போய்விடும். கீழ்ப்பக்க ஸ்கீ கனமில்லாமல் வழுக்கும். அடுத்த நொடி இடுப்பு தரையில். பின்னால் உட்கார்ந்துகொண்டாலும் இதே கதி, ஸ்கீயின் முன்பாதியில் அழுத்தம் இல்லாமல் போய், திருப்பினால் திரும்பாது.

சரியான நிலை இதற்கு நேர்மாறு, மனசு ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகும். கணுக்காலும் முழங்காலும் மலைப்பக்கம் சாய வேண்டும். இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு பள்ளத்தாக்குப் பக்கம், கீழ்ப்பக்க ஸ்கீக்கு நேர் மேலே வர வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்க்கிறவருக்கு இடுப்பில் ஒரு மடிப்பு தெரியும். கால்கள் கோணத்தைக் கொடுக்கின்றன, உடம்பு அழுத்தத்தைக் கொடுக்கிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பு பூட்ஸின் முன் நாக்கைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கைகள் முன்னால், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். பள்ளத்தாக்குப் பக்கத் தோளை ஒரு அங்குலம் தாழ்த்தினாலே எடை தானாகக் கீழ் ஸ்கீக்குப் போவதை உணரலாம். சமமான இடத்தருகே, மென்மையான சரிவில் இதைச் செய்து பாருங்கள்.

முதலில் பழக வேண்டியது பக்கவாட்டுச் சறுக்கு

தொடக்கத்தில் எல்லாரும் கற்பது ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்து பின்முனைகளை அகட்டி நிற்கும் ஆப்பு நிலை. குழந்தைகளுக்கு பீட்சா என்று சொல்லித்தருவார்கள். மென்பனியில் அருமையாக வேலை செய்யும். ஐஸில் கைவிட்டுவிடும். அந்த நிலையில் எடை இரண்டு ஸ்கீயிலும் பிரிந்திருக்கிறது, விளிம்பின் கோணமும் சிறியது. மேலே சொன்ன இரண்டு தேவையில் ஒன்றுகூட நிறைவேறவில்லை. பயத்தில் இன்னும் அகட்டினால் தொடைதான் வலிக்கும், வேகம் குறையாது.

அதற்குப் பதிலாகப் பக்கவாட்டுச் சறுக்கைப் பழகுங்கள். எனக்கு ஒரே ஒரு வித்தையை மட்டும் சொல்லித்தர அனுமதி கிடைத்தால் இதைத்தான் சொல்வேன். எவ்வளவு மோசமான ஐஸாக இருந்தாலும், இது கைவசம் இருந்தால் கீழே இறங்கிவிடலாம்.

இரண்டு ஸ்கீயும் சரிவுக்குக் குறுக்கே, ஒன்றுக்கொன்று இணையாக, இடுப்பு அகலம் விட்டு இருக்கட்டும். மேல்பக்க ஸ்கீ அரைப்பாதம் முன்னால். மார்பும் முகமும் பள்ளத்தாக்கைப் பார்க்கட்டும். எடையின் பெரும்பகுதி கீழ் ஸ்கீயில். இப்படி விளிம்பில் உறுதியாக நின்றபின், கணுக்காலை மெல்லப் பள்ளத்தாக்குப் பக்கம் உருட்டுங்கள். ஒரு கட்டத்தில் படி வெளிப்பக்கம் சாய்ந்து ஸ்கீ பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கும். ஓர் அடி, இரண்டு அடி வழுக்கட்டும். பிறகு கணுக்காலைத் திரும்ப மலைப்பக்கம் உருட்டுங்கள். நிற்கும்.

எப்போது வழுக்கும், எப்போது நிற்கும் என்பது உங்கள் கணுக்காலின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்த அன்று ஐஸின் மேல் உள்ள பயத்தில் பெரும்பகுதி போய்விடும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஸ்கீயை ஒரேயடியாகத் தட்டையாக்கி, அதற்கும் மேல் பள்ளத்தாக்குப் பக்கம் சாய்த்துவிட்டால் கீழ்ப்பக்க விளிம்பு மாட்டி, கீழ்நோக்கிக் கவிழ்வீர்கள். உருட்டுவது நூலளவு இருந்தால் போதும்.

இது கைவந்தபின் அடுத்தது. வழுக்கிக்கொண்டே எடையைக் கொஞ்சம் பாதத்தின் முன்பக்கம் கொண்டுபோனால் ஸ்கீ முன்னோக்கியும் கீழ்நோக்கியுமாகச் சாய்வாக நகரும். குதிகால் பக்கம் கொண்டுபோனால் பின்னோக்கிக் கீழே நகரும். முன்னும் பின்னுமாக மாறி மாறி இறங்குவதைப் பயிற்சியாளர்கள் உதிரும் இலை என்ற பெயரில் சொல்லித்தருகிறார்கள். குறுகலான தடத்தில், திரும்ப இடமே இல்லாத ஐஸில், ஒருமுறைகூடத் திரும்பாமல் இப்படியே இறங்கிவிடலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நன்றாக ஓட்டுகிறவர்களும் தேவைப்பட்டால் செய்வதுதான்.

திரும்புவது

ஐஸில் திரும்பும்போது எல்லாமே மெதுவாகவும் கொஞ்சமாகவும் நடக்க வேண்டும். உடம்பை முறுக்கி ஸ்கீயைச் சடாரென்று திருப்பினால் விளிம்பு பிடிப்பதற்குள் பின்பகுதி வழுக்கிப் போய்விடும். திரும்பும் தருணத்தில் ஸ்கீ சிறிது நேரம் நேராகக் கீழ்நோக்கிப் பார்க்கும். அந்த ஓரிரு நொடியைப் பொறுத்துக்கொள்வதுதான் கஷ்டம், எல்லாரும் அவசரப்படுவதும் அங்கேதான். திருப்பம் தொடங்கும்போதே புதிய வெளிப்பக்க ஸ்கீயின்மேல் ஏறி நின்றுவிடுங்கள். பிறகு கணுக்கால், அதன்பின் முழங்கால் என்ற வரிசையில் உள்நோக்கி உருட்டிக்கொண்டே போங்கள். அழுத்தம் படிப்படியாகக் கூடட்டும்.

வேகத்தைக் குறைப்பது வளைவின் வடிவத்தின் வேலை. வளைவை முழுமையாக முடித்து, ஸ்கீ சரிவுக்குக் குறுக்கே, முடிந்தால் லேசாக மேல்நோக்கியும் வரும்வரை போகவிட்டால் மலையே வேகத்தைக் குறைத்துவிடும். பாதி வளைவிலேயே அடுத்த வளைவுக்குத் தாவினால் ஒவ்வொரு வளைவிலும் வேகம் கூடிக்கொண்டே போகும். ஐஸில் கட்டுப்பாடு இழக்கிறவர்களைக் கவனித்தால், மூன்றாவது நான்காவது வளைவில் இப்படித்தான் ஆகியிருக்கும். கால் விறைத்திருந்தால் ஸ்கீ தடதடவென்று அதிரும். முழங்காலையும் கணுக்காலையும் சற்றே மடக்கி, தளர்வாக வைத்திருந்தால் அந்த அதிர்வு பாதியாகக் குறையும்.

சரி, எதிர்பாராமல் ஒரு ஐஸ் திட்டு வந்துவிட்டால்? அதன்மேல் எதுவும் செய்யாதீர்கள். பிரேக் போடாதீர்கள், திரும்பாதீர்கள். இடுப்பு அகலத்தில் கால்களை வைத்து, சமநிலையோடு அதைத் தாண்டிச் செல்லுங்கள். பார்வை ஐஸில் நிற்காமல் அதற்கு அப்பால் உள்ள வெள்ளைப் பனியில் இருக்கட்டும். ஐஸிலிருந்து சுரண்டப்பட்ட பனி பெரும்பாலும் அதற்குச் சற்றுக் கீழே குவிந்திருக்கும். வேகத்தைக் குறைப்பதும் திரும்புவதும் அங்கே.

மிகவும் கடினமான இடம் முழுக்க ஐஸாக உள்ள சரிவு அல்ல, மாறிக்கொண்டே இருக்கும் சரிவு. போட்டிக்காரர்கள் ஐஸை விரும்பிக் கேட்பதற்கே இதுதான் காரணம். உலகக் கோப்பைப் பந்தயத் தடங்களில் உயர் அழுத்தத்தில் தண்ணீரைப் பனிக்குள் செலுத்தி, வேண்டுமென்றே உறைய வைப்பார்கள். மென்பனியில் முதலில் ஓடுகிறவர் போட்ட பள்ளங்களில் பின்னால் வருகிறவர்கள் தடுமாறுவார்கள். ஐஸ் தடம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வேலில் பிறந்த அமெரிக்க ஸ்கீ வீராங்கனை மிகேலா ஷிஃப்ரின், வெர்மான்டின் பர்க் மவுண்டன் அகாடமியில் படித்து, இந்த இறுகிய பனியில் பழகியவர். கில்லிங்டனில் 2016இல் பெண்கள் உலகக் கோப்பைப் போட்டி தொடங்கியதிலிருந்து 2019 வரை நான்கு ஆண்டும் தொடர்ந்து, கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் பந்தயத்தை வென்றார். அதே கில்லிங்டனில் 2024 நவம்பரில் விழுந்து வயிற்றுப் பக்கம் ஆழமாகக் காயமும் பட்டார். அவ்வளவு தேர்ந்தவருக்கும் ஐஸ் அபாயமானதுதான் என்பதை மறக்கக் கூடாது.

சாமான்கள்

மழுங்கிய விளிம்போடு எந்த நுட்பமும் பலிக்காது. விளிம்புக்குக் குறுக்கே கட்டைவிரல் நகத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். நகத்தில் மெல்லிய பொடி சுரண்டி வந்தால் கூர் இருக்கிறது. வழுக்கிப் போனால் மழுங்கிவிட்டது. வாடகை ஸ்கீ பெரும்பாலும் மழுங்கியே இருக்கும். தயங்காமல் கடையில் கேட்டுச் சாணை பிடித்து வாங்குங்கள், அல்லது வேறு ஜோடி கேளுங்கள். சொந்த ஸ்கீ என்றால், பொதுவாக விளிம்பின் அடிப்பக்கம் 1 டிகிரியும் பக்கவாட்டில் 2 டிகிரியும் சாய்வு வைத்துத் தீட்டுவார்கள். ஐஸ் அதிகமுள்ள மலைக்குப் பக்கவாட்டில் 3 டிகிரி கேட்கலாம். கல்லில் உரசிய இடத்தில் எஃகு இறுகிப் பிசிறு நிற்கும். முதலில் வைரத்தூள் பதித்த கல்லால் அதைத் தேய்த்துவிட்டு, பிறகுதான் அரம் போட வேண்டும். மாலையில் துடைத்து வைக்காவிட்டால் ஒரே இரவில் துரு பிடித்துவிடும்.

நடுப்பகுதி 80 மில்லிமீட்டருக்குக் குறைந்த குறுகலான ஸ்கீ ஐஸுக்கு ஏற்றது. விளிம்பு பாதத்துக்கு நேர் கீழே வருவதால் சாய்க்கச் சுலபம். ஆழ்பனிக்கென்று செய்த அகல ஸ்கீயை ஐஸ் நாளில் எடுக்காதீர்கள். பூட்ஸ் குதிகாலை அசையவிடாமல் பிடித்திருக்க வேண்டும். தளர்ந்த பூட்ஸில் நீங்கள் கணுக்காலை உருட்டினாலும் அது ஸ்கீக்குப் போய்ச் சேராது. தலைக்கவசம் கட்டாயம். பூட்ஸை ஸ்கீயோடு இணைக்கும் பைண்டிங்கின் விடுவிப்பு அளவை எடை, உயரம், வயது, பூட்ஸின் நீளம், திறமை எல்லாம் பார்த்துக் கடைக்காரர்தான் வைக்க வேண்டும், நீங்களே திருகாதீர்கள். திறமையைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

விழுந்துவிட்டால்

ஐஸில் விழுந்தால் விழுந்த இடத்தில் நிற்க மாட்டீர்கள், உடை வழவழப்பானது என்பதால் வழுக்கிக்கொண்டே போவீர்கள். அப்போது எழுந்து நிற்க முயலாதீர்கள், முழங்கால் தசைநார் கிழிவது பல நேரம் அதனால்தான். உடனே செய்ய வேண்டியது, கால்களைப் பள்ளத்தாக்குப் பக்கம் கொண்டுவருவது. தலை முன்னால் போகக் கூடாது. ஸ்கீ காலில் இருந்தால் அதைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, விளிம்பை மெல்ல மெல்ல அழுத்துங்கள். சடாரென்று அழுத்தினால் தூக்கி எறியும். ஸ்கீ கழன்றுவிட்டால் குப்புறப் புரண்டு, கால்கள் கீழே இருக்க, தண்டால் எடுப்பதுபோலக் கைகளாலும் பூட்ஸின் நுனியாலும் உடம்பைத் தூக்கி அழுத்துங்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது, வேகம் ஏறிவிட்டால் நிறுத்துவது மிகக் கடினம். போலை, அதாவது கையில் பிடிக்கும் ஸ்கீ குச்சியை, கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கையூன்றி விழுந்தால் கட்டைவிரலின் அடி மூட்டு பிசகும். விழும்போது போலை விட்டுவிடுங்கள்.

கீழே இருப்பவருக்கே முன்னுரிமை என்பது உலகம் முழுக்க ஸ்கீ மலைகளில் உள்ள விதி. ஐஸில் நிற்க அதிக தூரம் பிடிக்கும் என்பதால் வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடுங்கள். செங்குத்தான ஐஸின் நேர் கீழே நின்று இளைப்பாறாதீர்கள், மேலே விழுகிறவர் உங்கள்மேல்தான் வருவார்.

மேலே போய்ப் பார்த்தபின் உங்களால் முடியாது என்று தோன்றினால், லிப்ட் பணியாளரிடம் சொல்லுங்கள். பல மலைகளில் லிப்டிலேயே கீழே இறங்க அனுமதிப்பார்கள். பாதி வழியில் மாட்டிக்கொண்டால் ஓரமாக நின்று, மலையின் மீட்புக் குழுவான ஸ்கீ பாட்ரோலை அழையுங்கள், எண் மலையின் வரைபடத்தில் இருக்கும். இந்தச் சேவையும் இதே வெர்மான்ட் பனியில் முளைத்தது. 1936இல் ஸ்டோவ் மலையில் மைனட் டோல் என்பவர் விழுந்து கணுக்கால் உடைந்தபோது, கீழே கொண்டுவர முறையான ஏற்பாடு எதுவும் இல்லை. சில மாதங்களில் அவருடைய நண்பர் ஃபிராங்க் எட்சன் பந்தயத்தில் அடிபட்டு இறந்துபோனார். டோல் சும்மா இருக்கவில்லை, 1938இல் தேசிய ஸ்கீ பாட்ரோல் அமைப்பைத் தொடங்கினார்.

உங்களோடு வந்தவர் அடிபட்டுக் கிடந்தால், அவரை நகர்த்தாதீர்கள். அவருக்குச் சற்று மேலே இரண்டு ஸ்கீயைப் பெருக்கல் குறிபோல் குறுக்காக நட்டு வையுங்கள், விபத்து என்பதற்கு அதுதான் அடையாளம். ஐஸில் ஸ்கீ நட முடியாது. அப்போது ஒருவர் மேலே, தூரத்திலிருந்தே கண்ணில் படும் இடத்தில், தடத்தின் ஓரமாக நின்று, போல்களைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்து, வருகிறவர்களை விலக்கிவிட வேண்டும்.